கை பிரேக்கை எண்ணாமல் கையெழுத்திட்ட இரவு

நான் சரக்கு ரயில் மேலாளராகப் பணிபுரிகிறேன். 2022 ஜனவரி வரை இந்தப் பதவிக்குக் 'கூட்ஸ் கார்டு' என்று பெயர். நான் பணியில் சேர்ந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பெயர் மாறியது என்றாலும், டெல்டாவில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் முதல் நிலையத்து வாசல் டீக்கடைக்காரர் வரை அனைவரும் இன்றும் 'கார்டு சார்' என்றே அழைக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் விதிகளைப் படித்து, மூத்தவர்களுடன் சென்று வழித்தடம் கற்று, தனியாக வண்டி எடுக்கத் தகுதி பெற்ற மூன்றாவது வாரத்தில், 2022 அக்டோபரில், ஒரு நெல் வண்டியில் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் பணியில் இருந்தேன், ஊதிய உயர்வு 6 மாதம் நின்றது, என் அக்காவின் வளைகாப்பைப் பார்க்க முடியாமல் போனது. இவற்றுக்கெல்லாம் காரணம் நான் நடக்காமல் விட்ட ஏறத்தாழ 100 மீட்டர் தூரம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய செய்திகள் இவை. எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சரக்கு வண்டிப் பணிக்குக் கால அட்டவணை கிடையாது. அழைப்பு எப்போது வருமோ அப்போதுதான் பணி. பொதுவாக இரண்டு மணி நேரம் முன்னதாகக் கூப்பிடுவார்கள். அன்று பிற்பகல் 2.30 மணிக்கு அழைப்பு வந்தது. மறுநாள் காலை ஆடுதுறையில் அக்காவுக்கு வளைகாப்பு என்பதால், காலை முழுவதும் திருச்சி பெரிய கடைவீதியில் வளையலும் தாம்பூலப் பைகளும் வாங்கி அலைந்துவிட்டு அப்போதுதான் அறைக்குத் திரும்பியிருந்தேன். இரவு வண்டி வரக்கூடும் என்று தெரிந்திருந்தும் பகலில் ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. இரவுப் பணி செய்கிறவன் பகல் தூக்கத்தை வேலையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நெல் வண்டியைத் திருச்சியில் ஒப்படைத்துவிட்டு, அதிகாலை 3 மணிக்கு விடுபட்டு, முதல் பேருந்தைப் பிடித்தால் 7 மணிக்குள் ஆடுதுறை போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சரக்கு வண்டியை நம்பி ஒருவன் இப்படிக் கணக்குப் போடக் கூடாது. குடும்ப நிகழ்ச்சி இருந்தால் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'டியூட்டி முடிந்து போய்விடலாம்' என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை.

மாலை 4.30 மணிக்கு லாபியில், அதாவது ரயிலில் செல்லும் ஊழியர்கள் பணி ஏற்கும் அலுவலகத்தில், பணி ஏற்றேன். அங்கே மது அருந்தியிருக்கிறோமா என்று மூச்சுப் பரிசோதனை செய்வார்கள். மது பக்கமே போகாதவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்: சில இருமல் மருந்துகளிலும் வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் ஆல்கஹால் இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்திவிட்டு நேராக லாபிக்குப் போகாதீர்கள். அதன் பிறகு ஒரு பயணிகள் வண்டியில் 'ஸ்பேராக', அதாவது வண்டியை நடத்தும் பொறுப்பில்லாமல் பயணியாக ஏறி, நெல் ஏற்றும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி 7.40. அது தஞ்சாவூர், மயிலாடுதுறை தடத்தில் ஆடுதுறைக்குக் கிழக்கே இருக்கும் ஒரு நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குப் பதிலாக மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். குறுவை முந்திக்கொண்டு வந்தது. அறுவடையும் கொள்முதலும் சூடுபிடித்த நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டது. கொள்முதல் நிலையங்களில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் நெல்லை எவ்வளவு சீக்கிரம் வெளிமாவட்ட அரவை ஆலைகளுக்கு அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்ற அவசரம் அனைவருக்கும் இருந்தது. 42 மூடிய வேகன்கள், ஏறக்குறைய 2,000 டன் நெல். 40 கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் 50,000 மூட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் தலையிலோ முதுகிலோ ஏறித்தான் வேகனுக்குள் போகிறது. நான் போனபோது கடைசி ஐந்தாறு வேகன்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் சேற்றில் புதைந்து நின்றன, சுமைப் பணியாளர்கள் கோணிச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வீட்டுக்கும் குத்தாலத்தில் ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலம் உண்டு. அந்த நெல்லில் எங்கள் நெல்லும் இருக்கலாம் என்று நினைத்தபோது சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி எழுதப் போவதுதான் முக்கியம். சரக்கேற்றுவதற்காக நிறுத்தி வைக்கும்போது ரேக் (கோத்து நிற்கும் வேகன் வரிசை) தானாக உருண்டு போய்விடாமலிருக்க, இரு முனைகளிலும் சில வேகன்களின் கை பிரேக்கை இறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார்கள். வண்டி புறப்படும் முன் அவை எல்லாவற்றையும் தளர்த்தியாக வேண்டும். அதோடு கதவுகள் பூட்டப்பட்டிருக்கின்றனவா, வேகன்களைக் கோக்கும் கப்ளிங் சரியாக விழுந்திருக்கிறதா, ஏதாவது உதிரி தொங்குகிறதா என்று இருபுறமும் நடந்து பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்திட வேண்டும். 42 வேகன் வண்டியின் நீளம் 600 மீட்டருக்கு மேல். இருபுறமும் என்றால் ஒன்றேகால் கிலோமீட்டர் நடை. பிளாட்பாரப் பக்கம் பிரச்சினை இல்லை. மறுபக்கம் வாய்க்கால் நிரம்பி, ஜல்லியின் ஓரம்வரை தண்ணீர் நின்றது, மழை வலுத்துக்கொண்டிருந்தது. முன்பகுதியை ஒழுங்காகவே பார்த்தேன். பின்முனைக்கு வந்தபோது, பிளாட்பாரம் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் நின்று, கடைசி ஏழெட்டு வேகன்களின் மேல் டார்ச் ஒளியை வீசிப் பார்த்தேன். அங்கிருந்த பாயிண்ட்ஸ்மேன், "எல்லாம் ரிலீஸ் பண்ணியாச்சு சார்" என்றார். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் சொன்ன பிறகும் போய்ப் பார்த்தால் அவரை நம்பாததுபோல் ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம். அதைவிட, உண்மையைச் சொன்னால், ஷூ நனைந்துவிடும் என்ற சோம்பல்தான் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு நடந்த பரிசோதனைகள் எல்லாம் திருப்தியாகவே முடிந்தன. என்ஜின் கோத்து, காற்றழுத்தம் ஏறி, லோகோவில் (என்ஜினில்) 5 கிலோவும், வண்டியின் கடைசியில் நான் இருக்கும் பிரேக் வேனின் அழுத்தமானியில் 4.8 கிலோவும் காட்டின. வண்டியை ஓட்டும் லோகோ பைலட் அழுத்தத்தைக் குறைத்தபோது என் மானியும் இறங்கியது. அதைப் பார்த்த நிம்மதியில் தாள்களில் கையெழுத்திட்டேன். அந்த மானி காற்று பிரேக்கைப் பற்றி மட்டுமே பேசும் என்பதை அப்போது மறந்தே போனேன். கை பிரேக் என்பது கம்பியும் நெம்புகோலுமாகத் தனியே இயங்குகிற ஒன்று. காற்று எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒரு வேகனில் கை பிரேக் இறுகியிருந்தால் அதன் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். எந்த மானியும் அதைக் காட்டாது. முன்னால் இருக்கும் லோகோ பைலட்டுக்கும் தெரியாது, ஏனென்றால் சரக்கு வண்டி இழுக்கும் மின்சார என்ஜினுக்கு ஒற்றை வேகனின் இழுவை ஒரு பொருட்டே இல்லை. நடந்து போய், கைச் சக்கரத்தைத் தொட்டு, கட்டை சக்கரத்தை விட்டு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதைப் பயிற்சியில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். தேர்வில் கேட்டிருந்தால் எழுதியும் இருப்பேன்.

இரவு 10.40க்கு வண்டி புறப்பட்டது. பிரேக் வேனைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வண்டியின் கடைசியில் இருக்கும் சிறிய இரும்புப் பெட்டி அது. எனக்குக் கிடைத்ததில் மின்விளக்கு இல்லை, விசிறி இல்லை, கழிப்பறை இல்லை. மழைச்சாரல் இரண்டு பக்கமும் அடித்தது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியும், புறப்படும் முன் சாப்பிட்ட இரண்டு பரோட்டாவும்தான் என் இருப்பு. ஆடுதுறை நிலையத்தைக் கடந்தபோது ஸ்டேஷன் மாஸ்டருடன் பச்சை விளக்குச் சமிக்ஞை பரிமாறிக்கொண்டேன். அக்கா வீடு நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். விடிந்ததும் வந்துவிடுவேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். கும்பகோணத்தில் எதிர்வண்டிக்காக லூப்பில் (ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில்) நின்று, 12 மணிக்குப் பின் கிளம்பினோம்.

பாபநாசம் வருவதற்கு முன்பே ஒரு வாசனை வந்தது. புழுங்கல் அவிக்கிற ஆலைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. ஊறிய நெல்லின் புளித்த ஆவி இரவில் தண்டவாளம்வரை வரும். முதலில் அதுதான் என்று நினைத்தேன். ஆனால் ஆலைகள் பின்னால் போன பிறகும் வாசனை போகவில்லை. கருகிய ரப்பர் போன்ற ஒரு நெடி அதனுடன் கலந்திருந்தது. அப்போதே வாக்கி டாக்கியை எடுத்திருக்க வேண்டும். எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன். லோகோ பைலட் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். ஒன்றுமில்லாததற்கு வண்டியை நிறுத்தச் சொல்லி, 'புதுப் பையன் பயந்துட்டான்' என்று லாபியில் பேச்சாகிவிடுமோ என்று அஞ்சினேன். அந்த அச்சத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் போயின. இறுகிய சக்கரத்தோடு ஓடும் ஒரு வேகனுக்குப் பத்து நிமிடம் என்பது பல கிலோமீட்டர். நெடி வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். வண்டி நின்று, இறங்கிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் உங்களைச் சிரிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இன்னொன்று, வளைவுகளில் வெளியே எட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நேர்த்தடத்தில் பிரேக் வேனிலிருந்து முன் வேகனின் முதுகு மட்டுமே தெரியும். வளைவில்தான் வண்டியின் உடல் முழுவதும் பக்கவாட்டில் விரியும். தீப்பொறியோ புகையோ இருந்தால் அங்கேதான் கண்ணில் படும். நான் அன்று மழைக்குப் பயந்து உள்ளே ஒடுங்கியிருந்தேன்.

என்னை நிறுத்தியவர் ஒரு கேட் கீப்பர். பாபநாசம் தாண்டிய சில கிலோமீட்டரில் ஒரு லெவல் கிராசிங்கில், மழையில் நனைந்தபடி ஒரு பெண்மணி சிவப்பு விளக்கை வெறித்தனமாக ஆட்டிக்கொண்டிருந்தார். கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியையும் நின்று கவனிப்பது அவர்கள் கடமை. என் வண்டியின் கடைசியிலிருந்து மூன்றாவது வேகனின் சக்கரத்தைச் சுற்றித் தீப்பொறி பறப்பதை அவர் பார்த்துவிட்டார். நான் வாக்கி டாக்கியில், "நிறுத்துங்க சார், பின்னாடி பிரேக் பைண்டிங்" என்று கத்தினேன். பிரேக் கட்டை சக்கரத்தை விடாமல் பிடித்திருப்பதை அப்படிச் சொல்வோம். 12.50க்கு வண்டி நின்றது. பத்து நிமிடமாக என் மூக்குக்கு முன்னால் இருந்ததை, எதிரே நின்ற ஒருவர் சில வினாடிகளில் கண்டுவிட்டார் என்ற வெட்கம் இன்றும் போகவில்லை.

இறங்கிப் போனபோது அந்தச் சக்கரம் இருட்டில் மங்கலாகச் சிவந்திருந்தது. மழைத்துளி விழுந்து சீறியது. கைச் சக்கரம் நன்றாக இறுகியிருந்தது; அதைத் தளர்த்த எனக்கு இரண்டு கையும் முழு உடலும் தேவைப்பட்டன. பதற்றத்தில் கையில் இருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றப் போனேன். முன்னாலிருந்து 600 மீட்டர் நடந்து வந்து சேர்ந்த உதவி லோகோ பைலட் என் கையைப் பிடித்துத் தடுத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும். தானாக ஆற விட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அடுத்த ஒன்பது மணி நேரத்துக்கு எனக்கிருந்த குடிநீர் என்பது பிறகுதான் புரிந்தது. அந்தத் தம்பி என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பணியில் நான்கு ஆண்டு மூத்தவர். "அண்ணே, முதல்ல கண்ட்ரோலுக்குச் சொல்லுங்க, அப்புறம் நேரத்தைக் குறிச்சுக்கங்க" என்றார். கண்ட்ரோல் என்பது வண்டிகளின் ஓட்டத்தை நடத்தும் கட்டுப்பாட்டு அறை. நான் எதையும் குறித்திருக்கவில்லை. நின்றது, கண்டது, தளர்த்தியது, கிளம்பியது என நான்கு நேரங்களையும் அவர் சொல்லித்தான் என் குறிப்பேட்டில் எழுதினேன். பின்னால் விசாரணையில் என்னைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அந்த நான்கு வரிகள்தாம்.

நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்டவாளத்து ஜல்லியில் இரவில் வேகமாக நடக்க முயன்றால் கணுக்கால் பிசகும். எனக்குப் பிசகியது, பத்து நாள் நொண்டினேன். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் குறுக்குக் கட்டைகளின் முனைகளை ஒட்டி, சின்ன அடியாக வைத்து நடக்க வேண்டும். வயல் நிரம்பிய காலத்தில் பாம்புகள் மேடான இடம் தேடித் தண்டவாளக் கரைக்குத்தான் வரும். காலுக்கு முன்னால் ஒளி விழும்படி டார்ச்சைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். சமிக்ஞை காட்டும் விளக்கையே டார்ச்சாகவும் பயன்படுத்தினால் தேவையான நேரத்தில் அதன் மின்கலம் தீர்ந்துவிடும். தனியாக ஒரு டார்ச் கட்டாயம் வேண்டும்.

சக்கரம் ஆறிய பிறகு நடை வேகத்தில் வண்டியை நகர்த்தினோம். 'டக், டக், டக்' என்று சீரான ஓசை கேட்டது. அதைச் சொன்னதும் லோகோ பைலட் வாக்கி டாக்கியில், "தட்டையாயிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். உருளாமல் தேய்ந்தபடி இழுபடும் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அப்படியே வேகமாக ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடிக்கும். மழையில் ஊறிய கரையில் தண்டவாளமே முறியலாம். சரக்கு வேகனுக்கு 60 மில்லிமீட்டர் வரைதான் தட்டை அனுமதி. அடுத்த நிலையத்தின் லூப்பில் வண்டியை ஒதுக்கியபோது மணி 2.10. ஒற்றைத் தடம் என்பதால் எதிரே வந்துகொண்டிருந்த ஒரு விரைவு வண்டி எங்களால் 50 நிமிடம் தாமதமானது. அதில் தூங்கிக்கொண்டிருந்த யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் அந்த வண்டி கடந்துபோன ஒவ்வொரு பெட்டியும் நெஞ்சில் ஏறிப் போவதுபோல் இருந்தது.

அதன் பிறகு காத்திருத்தல். சோதிக்க வேண்டிய வேகன் பராமரிப்பு ஊழியர்கள் விடிந்துதான் சாலை வழியாக வர முடியும் என்று தகவல் வந்தது. நான் என் ரேக்கை விட்டு நகரக் கூடாது. லோகோ பைலட்டும் அந்தத் தம்பியும் அரை கிலோமீட்டருக்கு அப்பால் என்ஜினில் இருந்தார்கள். இருட்டில், கொசுக்கடியில், நனைந்த துணியோடு பிரேக் வேனில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி 4 மணிக்குக் கைபேசி அணைந்தது. பசியைவிடத் தாகம் கொடுமையாக இருந்தது, சுற்றிலும் தண்ணீர் நின்றபோதும். இன்று என் பையில் எப்போதும் மூன்று லிட்டர் தண்ணீர், மின்னேற்றும் பவர் பேங்க், ஒரு மாற்று உடை, தரமான மழைக்கோட்டு, கொசுவிரட்டித் தைலம், புளிச்சாதம் ஒரு டப்பா இருக்கின்றன. தயிர்சாதம் வேண்டாம், டெல்டாவின் புழுக்கத்தில் எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும். புளிச்சாதம் மறுநாள் மதியம்வரை தாங்கும். வழியில் எங்காவது வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள், சரக்கு வண்டி நிற்கும் இடங்களில் கடை இருக்காது.

பணி நேரத்தைப் பற்றியும் எனக்கு அனுபவம் போதவில்லை. ஓட்டப் பணி பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. சூழ்நிலையைப் பொறுத்து நீட்டிக்கவும் இடமுண்டு. அந்த எல்லை நெருங்குவதற்கு முன்பே, மாற்று ஆள் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு, கேட்ட நேரத்தையும் யாரிடம் கேட்டோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நான், தவறு செய்தவன் எப்படிக் கேட்பது என்று வாய்மூடி இருந்துவிட்டேன். குற்ற உணர்வுக்கும் பணி நேரத்துக்கும் சம்பந்தமில்லை. களைத்துப்போன கார்டு அடுத்த தவறையும் செய்வான். ஆகவே கேட்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். லோகோ பைலட் தாமாகக் கேட்டதால்தான் காலை 9.20க்கு மாற்று ஆட்கள் வந்தார்கள்.

அதற்குள் பராமரிப்பு ஊழியர்கள் அளந்துவிட்டார்கள்: 75 மில்லிமீட்டர். வேகனைக் கழற்றியே ஆக வேண்டும். அதிலிருந்த நெல்லை இறக்கி மாற்ற வேண்டும். ஏறக்குறைய 1,190 மூட்டைகள். நான் கிளம்பும் நேரத்தில் ஒரு லாரியில் சுமைப் பணியாளர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெரியவர் வேகனைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏத்தினதை எறக்கச் சொல்றீங்களே தம்பி" என்று சிரித்தார். அவருக்கு அது கூலி; எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. கேட் கீப்பர் அக்காவுக்கு நன்றி சொல்ல அன்று முடியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பேருந்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர், "கேட்டுல நிக்கிறது அதுக்குத்தானே சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கேட்டைச் சாத்தப் போய்விட்டார்.

பணியிலிருந்து விடுபட்டு அறைக்கு வந்தபோது, நான் வாங்கி வைத்த வளையல்கள் மேசைமேல் அப்படியே இருந்தன. ஆடுதுறையில் வேறு வளையல் வாங்கி நிகழ்ச்சியை நடத்திவிட்டார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "நீ வருவேன்னு பத்தரை வரைக்கும் காத்திருந்தோம்" என்றார்.

சில வாரங்களில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம். முதல் நாள் இரவே நான்கு பக்கத்துக்கு எழுதினேன்: மழை, சேறு, இருட்டு, பாயிண்ட்ஸ்மேன் சொன்னது, ஏற்றுமிடத்தின் அவசரம், தூக்கமின்மை. அதை ஓய்வுபெறும் தறுவாயிலிருந்த ஒரு மூத்த கார்டிடம் காட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, மழை உனக்கு மட்டுமா பேஞ்சுது? நீ என்ன செஞ்சே, என்ன செய்யலை, எத்தனை மணிக்கு? அதை மட்டும் எழுது" என்றார். பாயிண்ட்ஸ்மேன் சொன்னதை எழுதவா என்று கேட்டேன். "எழுத்துல இருக்கா?" என்றார். இல்லை. பாயிண்ட்ஸ்மேன் தம் வாக்குமூலத்தில், கடைசி வேகன்களை முடிக்கவில்லை என்றுதான் என்னிடம் சொன்னதாகக் கூறியிருந்தார். பொய் சொன்னாரா, மழைச் சத்தத்தில் நான் தவறாகக் கேட்டேனா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகத் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை, ஏனென்றால் கையெழுத்து என்னுடையது. கடைசியில் ஒன்றரைப் பக்கத்தில், நேரங்களோடு, கடைசி வேகன்களை நடந்து பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். இத்தகைய பதிலில் பிறர்மேல் பழி போடும் ஒவ்வொரு வரியும் நம்மைத்தான் சுடும். ஆதாரம் இருந்தால் அதை இணைக்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கொடுத்த பதிலின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டனை: ஆண்டு ஊதிய உயர்வு ஆறு மாதத்துக்கு நிறுத்தம், பின்விளைவு இல்லை, அதாவது அடுத்தடுத்த ஊதிய உயர்வுகளை அது பாதிக்காது. அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாயிலிருந்து 30,100 ஆக உயர வேண்டியது, 2023 ஜனவரி முதல் ஜூன் வரை உயரவில்லை. மாதம் 900 வீதம் 5,400 ரூபாய். அப்போதைய 42 சதவீத அகவிலைப்படியையும் சேர்த்தால் ஏறக்குறைய 7,670 ரூபாய். தொகை பெரிதில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். முதல் ஊதிய உயர்வு என்பதால் எனக்குப் பெரிதாகவே பட்டது. அதிலிருந்து அப்பாவுக்கு ஒரு மருந்து தெளிப்பான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

இப்போது நான் வைத்திருக்கும் முறை எளியது. ஏற்றுமிடத்துக்குப் போனதும் முதல் வேலையாக, எத்தனை வேகன்களில் கை பிரேக் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு வேகன் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். பிறகு நடக்கும்போது, நானே தொட்டுப் பார்த்துத் தளர்ந்ததாக உறுதி செய்த ஒவ்வொரு வேகனிலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறேன். மழையாக இருந்தால் சாக்பீஸ் நிற்காது. மெழுகுக் கட்டி நிற்கும். குறிப்பேட்டின் எண்ணிக்கையும் கோட்டின் எண்ணிக்கையும் ஒத்துப் போனால்தான் கையெழுத்து. இதற்கு முப்பது நிமிடம் கூடுதலாகும். சில நிலையங்களில் முணுமுணுப்பார்கள், கண்ட்ரோலிலிருந்து ஏன் தாமதம் என்று கேட்பார்கள். "ரேக் பார்த்துட்டு இருக்கேன் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தியதை நான் கண்டதில்லை. வண்டி நகரத் தொடங்கியதும் முதல் நூறு மீட்டருக்குப் பிரேக் வேனின் வாசலில் நின்று, உருளாமல் தேயும் சக்கரத்தின் கிறீச்சொலி வருகிறதா என்று கேட்கிறேன். மெதுவாகப் போகும்போதுதான் அந்த ஒலி தனியாகக் கேட்கும்.

போன சம்பா கொள்முதலின்போது, அதே நிலையத்தில், வழித்தடம் கற்க வந்த ஒரு புதிய பெண் மேலாளர் என்னோடு இருந்தார். பிளாட்பாரம் முடியும் இடத்தில் அவரும் நின்று டார்ச்சை வீசினார். நான் ஒன்றும் சொல்லாமல் மெழுகுக் கட்டியை அவர் கையில் கொடுத்தேன். சேற்றில் இறங்கிப் போனவர் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சார், ரெண்டு வேகன் டைட்டா இருந்துச்சு" என்றார்.